தேய்ந்து காக்கும் பிரேக் கட்டை

நுழையும்முன்

வண்டியின் பெருமை அதன் விரைவில் இருப்பதாகப் பலரும் எண்ணுவர். ஓட்டுநர் விரும்பிய இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பதைச் சாலையே நாள்தோறும் உணர்த்துகிறது. காரின் பின்சக்கரத்தினுள் வெளியே தெரியாமல் இருந்து, தன்னைத் தேய்த்துக்கொண்டு வண்டியை நிறுத்தும் ஓர் எளிய உறுப்பு உண்டு. அதன் செயற்பாட்டையும் பராமரிப்பையும், அதனைப் பழுதுபார்க்கும் தொழிலாளரின் நலத்தையும் விளக்குகிறது இப்பாடம்.

சேம அச்சும் இன்றைய சாலையும்

பழந்தமிழகத்தில் உப்பு வணிகர் மாட்டு வண்டிகளில் நெடுந்தொலைவு சென்றனர். நுகம் பழகாத இளங்காளைகள், மிகுந்த பாரம், பள்ளமும் மேடுமான வழி ஆகிய மூன்றும் ஒன்று கூடும்போது அச்சு எவ்விடத்தில் முறியும் என்று எவரும் முன்னறிய இயலாது. எனவே அவர்கள் வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டி வைத்துக்கொண்டனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமானின் மகன் பொகுட்டெழினியை இச்சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் போற்றுகிறார். ஊறு நேருமுன் அதனை எண்ணிப் பார்த்து ஆயத்தமாவது, வண்டி ஓட்டும் மக்களின் தொன்மையான அறிவு என்பதற்கு இப்பாடல் சான்றாகிறது.

இன்றைய சாலைகளில் காளைகளின் இடத்தை இயந்திரம் பெற்றுவிட்டது. அரியலூர் மாவட்டத்தின் வரதராஜன்பேட்டை ஒரு பேரூராட்சி. ஆண்டிமடத்தையும் செயங்கொண்டத்தையும் சூழ்ந்த இப்பகுதி, செம்மண்ணில் முந்திரி விளையும் பகுதியாகும். சுண்ணாம்புக்கல் வளமும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த இம்மாவட்டத்தின் சாலைகளில் சுமை லாரிகள் மிகுதி. அவற்றினிடையே சிறிய கார்கள் செல்கின்றன. சாலையைக் கடக்கும் ஆடுகள், பள்ளிவிட்டு மிதிவண்டியில் திரும்பும் மாணவர்கள், திடீரென எதிர்ப்படும் வேகத்தடை எனக் காரை நிறுத்த வேண்டிய தேவை அடிக்கடி நேர்கிறது. அத்தகைய ஒவ்வொரு தருணத்திலும் ஓட்டுநர் நம்புவது பிரேக்கைத்தான்.

விரைவு வெப்பமாகும் விந்தை

ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் உண்டு. ஆற்றலை அழிக்க இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும். வண்டியை நிறுத்துதல் என்பது அதன் இயக்க ஆற்றலை வெப்ப ஆற்றலாக மாற்றுதலே ஆகும். அம்மாற்றத்தை நிகழ்த்தும் கருவி உராய்வு.

பயணிகளுடன் சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார், மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்வதாகக் கொள்வோர் அதன் இயக்க ஆற்றலைக் கணக்கிடலாம். அது ஏறத்தாழ 1,25,000 ஜூல். இவ்வெப்பம், ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 30 டிகிரி செல்சியசு உயர்த்தப் போதுமானது. அதே கார் மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் சென்றால் ஆற்றல் பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. விரைவின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் மாறுவதே இதற்குக் காரணம். விரைவைச் சற்றுக் குறைத்தாலும் பிரேக்கின் சுமை பெரிதும் குறையும் என்பது இக்கணக்கு தரும் பாடம்.

மற்றொரு கணக்கும் கருதத்தக்கது. 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. ஓட்டுநர் இடையூற்றைக் கண்டு மிதியை அழுத்துவதற்கே ஒரு நொடி கழிந்துவிடலாம். அதன்பின், நல்ல நிலையிலுள்ள பிரேக் விரைவை நொடிக்கு நொடி வினாடிக்கு 6 மீட்டர் அளவில் குறைத்தால், கார் மேலும் 23 மீட்டர் சென்று நிற்கும். தேய்ந்த பிரேக் 4 மீட்டர் அளவிலேயே குறைக்குமானால், அது நிற்க ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். வேறுபாடு 12 மீட்டர். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் உயிர் இந்தப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கியிருக்கக்கூடும்.

உருளைக்குள் நிகழ்வது

சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு வட்டுப் பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் எனப்படும் உருளைப் பிரேக்கும் பொருத்தப்பட்டுள்ளன. 1983இல் அறிமுகமாகி நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் காராக விளங்கிய மாருதி 800இன் பின்சக்கரங்களிலும் இவ்வகையே இருந்தது. வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்கள் பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. பின்சக்கரங்களுக்கு விலை குறைந்ததும், கைப்பிரேக்கை எளிதாக இணைக்கத்தக்கதுமான டிரம் பிரேக் பொருந்துகிறது.

டிரம் என்பது கிண்ணம் போன்ற ஒரு வார்ப்பிரும்பு உருளை. அது சக்கரத்துடன் சேர்ந்து சுழலும். அதனுள் பிறை வடிவிலான இரண்டு எஃகுச் சட்டங்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. அவையே பிரேக் ஷூக்கள். பட்டறை வழக்கில் பிரேக் கட்டை என்றும் கூறுவர். ஒவ்வொரு கட்டையின் வளைந்த வெளிப்புறத்திலும் சில மில்லிமீட்டர் கனமுள்ள உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டோ ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டோ இருக்கும். கட்டைகள் சுழல்வதில்லை, அச்சுடன் இணைந்த பின்தட்டில் நிலையாகப் பொருந்தியிருக்கும்.

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தம் பெறுகிறது. அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. அவ்வழுத்தம் குழாய்களின் வழியே பின்தட்டில் உள்ள சக்கரச் சிலிண்டரை அடைகிறது. அதன் இரு பிஸ்டன்களும் வெளியே தள்ளப்பட்டுக் கட்டைகளை விரிக்கின்றன. கட்டைகள் சுழலும் உருளையின் உட்பரப்பில் உரசுகின்றன, சக்கரம் நிற்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் சுருள்வில்கள் கட்டைகளைப் பழைய இடத்திற்கு இழுத்துக்கொள்கின்றன.

இவ்விரு கட்டைகளும் ஒரே அளவில் உழைப்பதில்லை. கதவின் அடியில் செருகிய ஆப்பு, கதவு நகர நகர மேலும் இறுகுவதைக் காணலாம். அதுபோல, உருளை சுழலும் திசையில் விரியும் கட்டையை உருளையே தன்பால் இழுத்து மேலும் இறுக்குகிறது. இதனை முன்னோடும் கட்டை என்பர். மற்றதோ உருளையால் விலக்கப்படுகிறது; அது பின்தொடரும் கட்டை. ஆகவே பெரும்பான்மையான கார்களில் முன்னோடும் கட்டை விரைவில் தேய்கிறது. வண்டி பின்னோக்கிச் செல்லும்போது இவ்விரண்டும் தம் பங்கினை மாற்றிக்கொள்கின்றன. காலின் சிறு அழுத்தத்தைக் கொண்டு பெரு வண்டியை நிறுத்த உதவும் இந்தத் தன்னிறுக்கமே டிரம் பிரேக்கின் தனிச்சிறப்பு.

தெரியுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குன்றுப்பகுதிகளில் இறங்கும் குதிரை வண்டிகளின் மரத்தடைகளில், வண்டிக்காரர்கள் பழைய காலணிகளைப் பொருத்திப் பிடிப்பை மிகுவித்தனர். அதைக் கண்ட ஹெர்பர்ட் புரூட் என்பவர் 1897இல் உராய்வுப் பட்டைத் தயாரிப்பைத் தொடங்கினார். அவருடைய நிறுவனமே பின்னாளில் ஃபெரோடோ எனப் புகழ்பெற்றது.

உலகில் தோன்றிச் சென்னையில் வளர்ந்தது

1902இல் பிரான்சு நாட்டின் லூயி ரெனோ, இன்றைய டிரம் பிரேக்கின் முன்னோடியை வடிவமைத்தார். தொடக்கக் காலத்தில் கம்பிகளும் நெம்புகோல்களும் கட்டைகளை விரித்தன. நான்கு சக்கரங்களுக்கும் விசையைச் சமமாகப் பகிர்வது அம்முறையில் அரிதாக இருந்தது. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ அழுத்தப் பிரேக் இடம்பெற்றது. அதன்பின் அம்முறை படிப்படியாக உலகெங்கும் பரவியது.

விடுதலைக்குப் பிந்திய இந்தியாவில் ஓடிய அம்பாசிடர், பத்மினி கார்கள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்டிருந்தன. இவ்வுறுப்பினை உள்நாட்டிலேயே தயாரிப்பதில் தமிழகம் முன்னின்றது. சென்னைப் பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது. 1964இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகிய நிறுவனங்கள் உராய்வுப் பட்டைத் தொழிலைச் சென்னையில் வளர்த்தன. சிற்றூர்ப் பட்டறையில் பொருத்தப்படும் ஒரு கட்டைக்குப் பின்னால் இத்தகைய தொழில் வரலாறு உண்டு.

வெப்பமும் நீரும்

உருளையின் மூடிய வடிவம் தூசியைத் தடுக்கிறது. அதே வடிவம் வெப்பத்தையும் உள்ளே சிறைப்படுத்துகிறது. தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உருளை சூடேறி விரிவடைந்து கட்டைகளிலிருந்து விலகுகிறது. மிகு வெப்பத்தில் உராய்வுப் பட்டையின் பிடிப்பும் குன்றுகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காத இந்நிலையைப் பிடிப்புத் தளர்ச்சி எனலாம்.

கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஓட்டுநர், பிரேக்கை மட்டும் நம்பினால் இத்தளர்ச்சியைச் சந்திக்க நேரும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்குவதற்கும் அந்தக் கியரையே பயன்படுத்துதல் மலைச்சாலையின் மரபு. அப்போது இயந்திரமே வண்டியின் விரைவைக் கட்டுப்படுத்தும். பிரேக் தேவையான இடத்தில் மட்டும் உழைக்கும்.

பிரேக் ஆயிலின் தன்மையும் இங்கே கருதத்தக்கது. கார்களில் பெரிதும் பயன்படும் டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியசு வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர வரையறை. ஈரம் கலந்தபின் அவ்வரம்பு 140 டிகிரியாகத் தாழ்கிறது. ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி தரைவரை இறங்கிவிடும். எனவேதான் ஆயிலின் நிறத்தை மட்டும் பாராமல், கையேடு கூறும் கால இடைவெளியில் அதனை மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் கடந்து வந்தபின் கட்டைகளும் உருளையும் நனைந்திருக்கும். அப்போது மெதுவாகச் சென்றுகொண்டே மிதியைச் சிலமுறை இலேசாக அழுத்தினால், உராய்வு வெப்பத்தால் ஈரம் உலரும். ஈரமான வண்டியைக் கைப்பிரேக் இழுத்த நிலையில் பல நாள் நிறுத்தி வைத்தால், கட்டை துருவினால் உருளையோடு ஒட்டிக்கொள்வதுண்டு. சமதரையில் சக்கரத்திற்கு முட்டுக் கொடுத்து, கியரில் நிறுத்துவது நலம்.

தேய்மானம் பேசும் மொழி

பிரேக் கட்டை திடீரெனப் பழுதாவது அரிது. அது பல அறிகுறிகளால் முன்னரே எச்சரிக்கிறது. கைப்பிரேக் நெம்புகோல் முன்னிலும் உயரமாக இழுக்கப்பட்ட பின்னரே வண்டியைப் பிடிக்கும். மிதி வழக்கத்தைவிடத் தாழ்ந்து இறங்கும். பட்டை முற்றிலும் தேய்ந்தால் இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறமாக இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிடிப்பு மற்றதினின்று வேறுபடுகிறது என்று பொருள். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடேறினால், கட்டை உருளையை விட்டு விலகவில்லை என்று கொள்ளலாம். ஆயில் தொட்டியின் மட்டம் விரைந்து குறைந்தால் எங்கோ கசிவு உள்ளது. இவ்வறிகுறிகளில் எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தல் ஆகாது.

பட்டறையில் பராமரிப்பு

பிரேக் வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் பொறுப்பு. எனினும் அதன் ஒழுங்கை அறிந்திருக்கும் உரிமையாளர், வேலை முறையாக நடந்ததா என்று உணர இயலும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பின் உருளையைக் கழற்ற வேண்டியிருப்பதால் கைப்பிரேக்கைத் தளர்த்தி, வண்டியைக் கியரில் வைப்பர். ஜாக்கியால் தூக்கிய வண்டியை உறுதியான தாங்கியின் மீது இருத்திய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கையையோ தலையையோ நீட்டுதல் உயிருக்கு ஊறு.

உருளையைக் கழற்றியதும் பட்டையின் கனத்தை அளக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் பட்டை 1 மில்லிமீட்டர் அளவுக்குத் தேயுமுன் மாற்றுவது வழக்கம். உரிய வரம்பை அந்தந்த வண்டியின் கையேடு கூறும். ரிவெட் பொருத்திய பட்டையாயின், ரிவெட்டின் தலை வெளிப்படுமுன் மாற்ற வேண்டும். உருளையின் உட்பரப்பு தேயத் தேய அதன் உள்விட்டம் பெருகும். எந்த அளவுவரை பயன்படுத்தலாம் என்பது பெரும்பாலும் உருளையின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவைக் கடந்த உருளையை லேத்தில் கடைந்து மீண்டும் பயன்படுத்துதல் தவறு.

சக்கரச் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பார்த்தால் கசிவு தெரியும். ஆயில் படிந்த பட்டையை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பொருத்துவது சிக்கனம் போலத் தோன்றலாம். ஆயில் பட்டையின் நுண்துளைகளில் ஊறிவிடுவதால் அதன் பிடிப்பு மீள்வதில்லை. கசிவை நீக்கிப் புதிய கட்டை இடுவதே முறை. பிரேக்கின் ரப்பர் உறுப்புகளைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் அவை உப்பிக் கெட்டுவிடும்.

கட்டைகளை ஒரு சக்கரத்திற்கு மட்டும் மாற்றாமல், ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையேல் இருபுறப் பிடிப்பும் வேறுபட்டு வண்டி ஒருபுறம் இழுக்கும். வேலையை ஒவ்வொரு பக்கமாகச் செய்வது தேர்ந்த மெக்கானிக்கின் வழக்கம். சுருள்வில்களின் இடமும் திசையும் ஐயத்திற்கு உரியனவாயின், கழற்றாத மறுபக்கம் வழிகாட்டியாக அமையும். பின்தட்டில் கட்டை உரசும் இடங்களில் மட்டும் வெப்பம் தாங்கும் கிரீசை மெல்லியதாகத் தடவுவர். அது பட்டையில் படக்கூடாது.

உருளையை மாட்டியபின், சக்கரம் தடையின்றிச் சுழலுமாறும், கட்டைக்கும் உருளைக்கும் இடையே தேவையான சிறு இடைவெளி அமையுமாறும் சரிசெய்வர். ஆயில் குழாயோ சிலிண்டரோ கழற்றப்பட்டிருந்தால், குழாயினுள் புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். வண்டியைக் கிளப்புமுன் மிதி கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்திப் பார்த்தல் இன்றியமையாதது. அதன்பின் ஆள்நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தூசியும் தொழிலாளியும்

பிரேக் கட்டையின் வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. வெப்பத்தைத் தாங்கும் என்பதால் உராய்வுப் பட்டைகளில் நெடுங்காலம் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கலக்கப்பட்டது. பட்டை தேயும்போது அதன் தூசி உருளைக்குள்ளேயே தங்கும். உருளையைத் திறந்து காற்றழுத்தக் குழாயால் ஊதினால் அத்தூசி பட்டறை முழுவதும் பரவும். கண்ணுக்குப் புலப்படாத கல்நார் இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் நுரையீரல் தழும்புநோயையும் புற்றுநோயையும் தோற்றுவிக்கின்றன. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் தெளிவுபடுத்தியுள்ளது.

1995இல் இந்திய உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர் பற்றிய வழக்கில் சிறப்புமிக்க தீர்ப்பொன்றை வழங்கியது. தொழிலாளரின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. நோய் வெளிப்பட நெடுங்காலம் ஆவதால், பணியில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவுகளைக் காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இன்று கல்நார் கலவாத பட்டைகள் கிடைக்கின்றன. எனினும் பழைய வண்டியின் உருளைக்குள் எவ்வகைத் தூசி உள்ளது என்பதைப் பார்வையால் அறிய இயலாது. ஆகவே எல்லாப் பிரேக் தூசியையும் தீங்குடையதாகக் கருதிச் செயற்படுவதே அறிவுடைமை. தூசியை ஊதுதலும் உலர்ந்த தூரிகையால் தட்டுதலும் கூடா. ஈரப்படுத்தித் துடைத்து, அத்துணியை உறையிலிட்டு மூடி அகற்ற வேண்டும். நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். வேலை செய்த உடையோடு வீட்டிற்குச் சென்று குழந்தையைத் தூக்குதல் கூடாது. சாலையோரப் பட்டறையில் தொழில் பழகும் இளைஞருக்குத் திருப்புளி பிடிக்கக் கற்பிக்கும்போதே இப்பழக்கங்களையும் கற்பிப்பது மூத்தவர் கடமை.

நிறைவாக

முந்திரி மூட்டையை ஏற்றிய வாகனமாயினும், மருத்துவமனைக்கு விரையும் குடும்பத்தின் காராயினும், அதன் பயணம் பாதுகாப்பாக முடிவது சில மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையின் தேய்மானத்தால்தான். அது தேய்வது குறையன்று. அதன் பணியே அது. தேய்ந்ததைக் காலத்தில் கண்டு மாற்றுவது உரிமையாளரின் கடன். அவ்வேலையைச் செம்மையாகச் செய்வது மெக்கானிக்கின் கடன். அவருடைய மூச்சுக்கு ஊறு நேராமல் காப்பது சமூகத்தின் கடன். சேம அச்சினை வண்டியின் அடியில் கட்டிய உமணரின் முன்னறிவு, இம்மூவரிடமும் தொடர வேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள வண்டிப் பட்டறைக்குச் சென்று, பிரேக் வேலையில் வழங்கும் சொற்களைத் தொகுத்து அவற்றின் பொருளை எழுதுக.

2. மணிக்கு 40, 80 கிலோமீட்டர் விரைவுகளில் ஒரே காரின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டு ஒப்பிடுக. அதன் அடிப்படையில் பள்ளிப் பகுதியில் வைக்கத்தக்க எச்சரிக்கை வாசகம் ஒன்றை உருவாக்குக.

3. ‘தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

கலைச்சொற்கள்

உருளைப் பிரேக் – டிரம் பிரேக்
வட்டுப் பிரேக் – டிஸ்க் பிரேக்
உராய்வுப் பட்டை – பிரேக் லைனிங்
சக்கரச் சிலிண்டர் – வீல் சிலிண்டர்
பிடிப்புத் தளர்ச்சி – பிரேக் ஃபேட்
கல்நார் – ஆஸ்பெஸ்டாஸ்